நேரான சிறகுகள்

தன் ஈக்குழாய்களில் மூன்று புட்டசாமியின் மேசையில் இருப்பதைப் பார்த்ததும் சைத்ராவுக்குச் சுருக்கென்றது. மைசூரின் அந்தப் பழ ஈ ஆய்வகத்தில் உதவித்தொகை ஒன்று, போட்டி இவர்கள் இருவருக்குள். சும்மாவா எடுத்திருப்பான்?

"ஈக்குத் தீனியா வெச்ச ரவையும் வெல்லமும் காஞ்சு போச்சு. ஈ செத்துடுமேன்னு புதுக்குழாய்க்கு மாத்தினேன்."

"நான் கேட்டேனா? உனக்கென்ன திடீர் அக்கறை?"

"சரி தாயே, இனிமே செத்தாலும் பாத்துட்டு சும்மா இருக்கேன்."

அக்கறையாம், அக்கறை! கூட்டுப்புழுக்கள் இருந்த மற்ற குழாய்களை எல்லாம் அன்றே மூலையிலிருந்த குளிர் அலமாரியில் ஒளித்து வைத்தாள்.

குறிப்பிட்ட ஒரு மரபணுவை வேலை செய்யவிடாமல் அதன் வாயை அடைத்தால் ஈயின் சிறகு ஓரம் எலி கடித்தது போலப் பிய்ந்துவிடும். அதுதான் அவள் ஆய்வு. அடையாளம் சிறகின் வடிவம்தான். சுருண்ட சிறகா, அந்த ஈயிடம் வாயடைக்கும் கருவி இல்லை, ஒதுக்கிவிடலாம். நேரான சிறகா, கருவி உண்டு. ஓரம் பிய்ந்தே தீரவேண்டும். மூன்று முறை அப்படியே வந்தது. இன்னொரு முறை வந்தால் ஆய்வேடு முடிந்தது.

ஈக்கள் வெளிவந்தன. நேரான சிறகுகளில் பாதிக்கு ஓரம் முழுசாக இருந்தது.

ஒளித்து வைக்கும் முன்பே வேறு ஈக்களைக் கலந்துவிட்டான் பாவி! பேராசிரியை ஜலஜாட்சியிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். அவர் புட்டசாமியை அழைத்து, விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

உடனே ஜலஜாட்சி அந்தக் குழாய்களைக் கேட்டு வாங்கினார்.

"என்னம்மா, ஜில்லுனு இருக்கு? எங்க வெச்சிருந்த?"

"குளிர் அலமாரில மேடம். அவன் கை படக்கூடாதுன்னு."

"குளிர்ல வளர்ந்தா சுருள் சிறகும் நேராயிடும். முதல் வருஷப் பசங்களுக்கு இதைப் பாடம் எடுத்ததே நீதானே? ஓரம் முழுசா இருக்கறதெல்லாம் நீ ஒதுக்கியிருக்க வேண்டிய சுருள் சிறகு ஈ."

சைத்ரா வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினாள்.

"தப்பு என் மேலதான் புட்டசாமி. மேடம் கூப்பிடறாங்க, வா."

அவன் வண்டியிலிருந்து இறங்கினான்.

"வர்றேன். ரெண்டு வருஷமா என் குழாய் எல்லாம் திறந்த மேசையிலதான் கிடக்கு சைத்ரா. இனிமே ஒரு பூட்டு வாங்கணும்."