செத்தவரின் சம்மதக் கையெழுத்து

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. ஊர்காவற்றுறையில் காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில், வாங்கில் என் காணி அலுவலாகக் குந்தியிருந்தபோது காதில் விழுந்தது. பெயர்களை மாற்றிவிட்டேன். மிச்சத்தையும் மாற்றியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே வாசியுங்கள். எழுதுகிறவனை முழுக்க நம்புவதும், விற்கிறவனின் வாயை நம்பிக் காணி வாங்குவதும் ஒன்றுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடற்காற்று மெல்ல வீசிய அந்த மாலைப்பொழுதில், சௌந்தரநாயகி தன் வீட்டை ஏக்கத்தோடு...

வெட்டிவிட்டேன். அப்போது காலை. அவள் ஏங்கவுமில்லை. வீட்டை விற்க வந்திருந்தாள்.

2

சுருவிலில் உள்ள அந்தக் கல்வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. வாங்க வந்தவள் நிருஜா, ஆஸ்பத்திரியில் தாதி. வாடகை வீடு மாறி மாறிக் களைத்துப் போனவள். சௌந்தரநாயகியின் மகள் கம்சிகா காரைநகரில் கலியாணம் கட்டி இருக்கிறாள். "எங்களோடை வந்து இருங்கோ அம்மா" என்று அவள் கூப்பிட்டாள்.

"மருமோன்ரை வீட்டிலை, கதிரையை எங்கை போடுறதெண்டு கேட்டுக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது" என்றாள் தாய்.

மகள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் சின்ன வீடொன்று விலைக்கு நிற்கிறது. சுருவில் வீடு விற்றால்தான் அதை வாங்கலாம். அதன் சொந்தக்காரன் பொங்கலுக்கு மேல் பொறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது: கடைசிக் காலத்தில் தன் பேரில் ஒரு கதவு, அதைத் தானே பூட்டித் திறப்பது.

(இந்த இடத்தில் வீட்டை வர்ணிக்கச் சொல்லுவீர்கள். ஏன், நீங்களா வாங்கப்போகிறீர்கள்?)

3

நொத்தாரிசு வைத்திலிங்கம் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"புருஷன்?"

"செத்துப்போனார்."

"மரணச் சான்றிதழ்?"

"அந்தியேட்டி செய்தனாங்கள். ஊரே வந்து சாப்பிட்டது. நீங்களும் வந்தனீங்கள்."

"வந்தனான். ஆனால் அக்கா, சாப்பிட்ட ஆக்கள் விட்ட ஏவறையைக் காணிப் பதிவகம் ஏற்காது."

நிருஜா சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். வைத்திலிங்கம் சிரிக்கவில்லை. "போன கிழமையும் எழுவைதீவு வள்ளத்திலை அவரோடை கதைச்சனான்" என்றார்.

அந்த ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளின் புருஷன் ராசா பல வருசத்துக்கு முதல் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் கரை சேர்ந்தது. உடம்பு கிடைக்காததால் தர்ப்பையில் உருச் செய்து எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஊருக்கெல்லாம் சாப்பாடு. ஆள் எழுவைதீவில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்ற கதை பிறகுதான் வந்தது. ஊர் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் தெரிந்ததாய்க் காட்டவில்லை. ஆண்டுதோறும் ஐயரைக் கூப்பிட்டு, உயிரோடிருக்கிற மனிசனுக்குத் திவசம் குடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது துக்கம் அல்ல. அவனுக்குத் தண்டனை.

* சட்டம் என்ன என்று கேட்பவர்களுக்கு: எங்கள் பக்கம் தேசவழமை. சீதனக் காணி பெண்ணின் பேரில்தான் இருக்கும். விற்பதற்கோ புருஷன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். இல்லாவிட்டால் உறுதிப் பத்திரம் நிற்காது. வாய்ப்பேச்சில் காணி கைமாறாது. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகள் ஒன்றாய் இருந்து பார்க்க, எல்லாரும் கையெழுத்து வைக்கவேண்டும். வாசித்துவிட்டுத் தலையை ஆட்டாதீர்கள். உங்கள் உறுதியை எடுத்துப் பாருங்கள்.

4

முடிவுகள் மூன்று எனக்கு வந்தன.

ஒன்று, சௌந்தரநாயகி மாவட்டக் கோட்டுக்குப் போவது. விட்டுவிட்டுப் போன புருஷனின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிபதியே அனுமதி தரலாம். நல்ல வழி. ஆனால் வழக்கு முடியமுதல் பொங்கல் பொங்கி, சோறு பழஞ்சோறாகிவிடும்.

இரண்டாவது அவளின் தமையன் நாகமுத்து சொன்னது. "யாழ்ப்பாணத்திலை எனக்கொரு ஆளைத் தெரியும். மரணச் சான்றிதழ் எடுத்துத் தருவான்."

"தந்து? நாளைக்கு அந்தாள் வந்து வாசல்லை நிண்டால் நிருஜா பிள்ளையளோடை எழும்பிப் போறதோ?"

"அது அவையளின்ரை பாடு."

"அண்ணை, நீர் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு நடவும்."

மூன்றாவது, அவளே எழுவைதீவுக்குப் போவது. போனாள்.

5

இனி ராசா. இந்த ஆள் எனக்குச் சரியாக வரவில்லை. முதலில் அவனை அழவைத்தேன்: ராசா அவளின் காலடியில் விழுந்து, விம்மி... கிழித்தேன். வசதியான நேரத்தில் அழுகிற ஆம்பிளையை நான் நம்பமாட்டேன். பிறகு கெட்டவனாக்கி, பங்கு கேட்க வைத்தேன். அதுவும் அவனில்லை. கடைசியில் கேள்விப்பட்டதையே எழுதுகிறேன்.

அவன் இறங்குதுறையில் வலையில் சிக்கின பாசியைத் தெரிந்து எடுத்துக்கொண்டிருந்தான். அவள் சம்மதக் கையெழுத்துக் கேட்டாள். அவன் நிமிரவில்லை.

"எனக்குத் திவசம் குடுக்கிறியாம். செத்தவன் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"உமக்குப் படைச்சதைக் காகம் திண்டது. அதிட்டையோ போய்க் கையெழுத்து வாங்குறது?"

ஒரு காலத்தில் 'இஞ்சருங்கோ' என்று கூப்பிட்டவள் இப்போது மரியாதையைக் குறைத்து 'உமக்கு' என்றாள். அதற்குத்தான் அவன் நிமிர்ந்தான்.

"நீ திவசம் குடுக்கிற நாளிலை எனக்குச் சோறு இறங்கிறேல்லை, தெரியுமோ? எந்தத் திதி எண்டு எனக்குத் தெரியாது. இறங்காட்டில் இண்டைக்குத்தான் எண்டு நினைக்கிறனான்."

"சந்தோசம்."

"வைக்கிறன். திவசத்தை நிப்பாட்டு."

"நீர் வந்து வையும். நான் நிப்பாட்டுறன்."

வள்ளம் ஓட்டுகிற சஞ்சீவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். என்ஜினை உடனேயே இழுத்தான். மனம் மாறமுதல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டுமே.

6

கந்தோரில் எல்லாம் சரியாக வந்தது. உறுதி எழுதியாயிற்று, நிருஜா வந்தாயிற்று, ராசா வழியில் வாங்கின புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். இல்லாதது சாட்சி. நானும் இதை யோசிக்கவில்லை. ஊரில் கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். ராசா இவன்தான் என்று கையெழுத்து வைத்தால், அவனுடைய அந்தியேட்டிச் சோற்றைத் தின்றது என்னாவது? பொய்யென்று தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தது என்னாவது? நாகமுத்துவுக்கு அன்றைக்கென்று முதுகுப்பிடிப்பு.

வைத்திலிங்கம் சௌந்தரநாயகியைக் கேட்டார்: "இவர் ஆர்?"

அவள் சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். வாசலில் எட்டிப் பார்த்தவர்களுக்கும் கேட்கத்தான் சொன்னாள்.

"ராசா. என்ரை புருஷன். சாகேல்லை. என்னை விட்டிட்டுப் போனவர்."

ராசா தலையைக் குனிந்தபடி வந்து கையெழுத்து வைத்தான். அவள் வைத்தாள். நிருஜா வைத்தாள்.

முதல் சாட்சி சஞ்சீவன். அவன் அந்தச் சோற்றைத் தின்னாதவன். "ஆக்களைத் தெரியுமோ?" என்று நொத்தாரிசு கேட்க, "ஓம் ஐயா, சண்டை பிடிக்கேக்கை நான்தானே நடுவிலை நிண்டனான்" என்று வைத்தான்.

இரண்டாவது கதிரை வெறுமையாக இருந்தது. வைத்திலிங்கம் வாங்குப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி மறுத்தேன். பெயர்களை மாற்றினவன் சாட்சி வைக்க ஏலாது.

ஆகவே நீங்கள் வந்து இருங்கள்.

நீங்கள் அவள் வீட்டில் சாப்பிடவில்லை. ஆனால் கதிரையை எங்கே போடுவதென்று கேட்க மறுத்தவளைத் தெரியும். நிருஜாவை ஏமாற்ற மறுத்தவளைத் தெரியும். வாசலில் ஊர் நிற்கிறது. காரைநகரில் ஒரு கதவு பூட்டியபடி நிற்கிறது. நான் எழுதியதில் நம்பியதை நம்புங்கள், நம்பாததைத் தள்ளுங்கள். பேனை மேசையில் கிடக்கிறது.

வைத்திலிங்கம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உங்களைத்தான் கேட்கிறார்:

"ஆளைத் தெரியுமோ?"