ரொட்டியோடு வந்த தளபதி

பிரான்சில் மொந்தர்சாக் கோட்டையை அறுநூறு வருஷமாக ஒரு எதிரியாலும் பிடிக்க முடியவில்லை. வாசல் வளைவின் மேலே கல்லில் அப்படித்தான் வெட்டியிருக்கிறது: ‘பகைவன் எவனும் இவ்வாசல் கடந்ததில்லை.’ அன்று வந்து தோற்றவர்கள் இங்கிலீஷ்காரர்கள். இப்போதும் கோடையில் அவர்கள்தான் வருகிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு வருவதால் அது கணக்கில் சேராது.

அந்தப் பெருமைக்காக ஆகஸ்ட் திருவிழாவில் ஊரே முற்றுகைக் கூத்துக் கட்டும். மேலத்தெருக்காரர்கள் உள்ளே பிரெஞ்சுப் படை. ஆற்றங்கரைக்காரர்கள் வெளியே இங்கிலீஷ் படை. முன்காலத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிய அதே மதில் துளை வழியாக ஆறிப்போன முட்டைக்கோஸ் சூப்பை ஊற்றுவார்கள். நடுப்பகல் கோயில் மணி அடித்ததும் சீமாட்டி வேஷக்காரி மேல் ஜன்னலிலிருந்து எதிரித் தளபதிக்கு ஒரு ரொட்டியைக் கூடையில் கவிழ்த்து வைத்துக் கயிற்றில் இறக்குவாள். கவிழ்ந்த ரொட்டி தூக்குப் போடுகிறவனுக்கு உரியது. அந்த ஊரில் சின்னக் குழந்தைகூட மேஜையில் ரொட்டியைக் கவிழ்த்து வைக்காது. தளபதி அந்த அவமானத்தை வாங்கிக்கொண்டு ‘பின்வாங்கு!’ என்று கத்தினால் முற்றுகை முடிந்தது. ஜெயித்தவர்கள் உள்ளே பெரிய மேஜையில் வாத்துக்கறி தின்பார்கள். தோற்றவர்கள் ஆற்றங்கரையில் தொத்திறைச்சி சுட்டுத் தின்பார்கள்.

தளபதி யாரென்றால், ஊரின் ஒரே ரொட்டிக்காரர் ஃபிர்மேன். பாவம், பத்து வருஷமாகத் தான் சுட்ட ரொட்டியையே கவிழ்ந்த கோலத்தில் வாங்கிக்கொண்டிருந்தார். சீமாட்டி, தபால் நிலையத்து சொலாஞ்ஜ். புருஷன் இறந்து பல வருஷமாயிற்று. வாய் மட்டும் மிளகு. அவள் கடைக்குள் நுழைந்தால் ஃபிர்மேனுக்குச் சில்லறை கொடுக்கக் கை வராது. அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. ஆனால் அவர் கடையில் எப்போதும் வரிசை. தபால் நிலையத்துக்குப் போனால் அங்கேயும் வரிசை. இந்த வருஷம் எப்படியாவது அந்தப் பெரிய மேஜையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். தோற்கப்போகிறவன் அங்கே எப்படி உட்கார முடியும் என்று யோசித்தாரா? இல்லை. மனசு ஒருத்தியிடம் போய்விட்டால் மூளைக்கு விடுமுறைதானே, கண்ணுகளா!

திருவிழாக் காலையில் கோட்டை விருந்துக்கான ரொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அப்புறம் வந்து வேஷம் போடுவது அவர் வழக்கம். இந்தத் தடவை சொலாஞ்ஜ் பார்க்கட்டுமே என்று சிவப்பு இறகு வைத்த புதுத் தலைக்கவசத்தை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு ரொட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினார். வாசலில் காவலாளி பாசில் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

“நில்லு! யாரு?”

“ரொட்டிடா பாசில். வழி விடு.”

“ரொட்டி சரிண்ணே. ஆனா நீங்க இங்கிலீஷ்காரரா இருக்கீங்களே. மேல கல்லுல என்ன எழுதியிருக்கு?”

“நேத்து உன் வீட்டுக்கு ரெண்டு ரொட்டி கடன் கொடுத்தவன்டா நான்!”

“அது நேத்து. தொப்பியைக் கழட்டுங்க, ராஜா மாதிரி உள்ள போங்க.”

ஃபிர்மேன் இழுத்தார். வரவில்லை. காதுப் பக்கமாகத் திருகிப் பார்த்தார். வரவில்லை. பாசிலும் காலை ஊன்றி இழுத்துப் பார்த்தான். கழுத்து நீண்டதே தவிர கவசம் அசையவில்லை. அதற்குள் கொம்பு ஊதிவிட்டார்கள். கொம்பு ஊதினால் கதவைச் சாத்த வேண்டும். சாத்திவிட்டான்.

சண்டை நன்றாகத்தான் நடந்தது. ஃபிர்மேன் மேல் வழக்கத்தைவிட அதிகமாகவே சூப் விழுந்தது. மணி அடித்தது. உள்ளே மேஜையில் வாத்து வந்தது, ஒயின் வந்தது, வெயிலில் வியர்த்துக்கொண்டு சீஸ் வந்தது. அப்போதுதான் மேயர் அர்மோன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ரொட்டி எங்க?”

ஒருவர் ரொட்டி இல்லாமலே சீஸைக் கரண்டியால் எடுக்கப் போனார். அந்த மானக்கேட்டைப் பார்க்க முடியாமல் அவர் மனைவியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேயர் மதிலுக்கு ஓடினார். கீழே வண்டி நிறைய ரொட்டி. அதன் மேல் ஃபிர்மேன்.

“அடேய் ஃபிர்மேன், மணி அடிச்சாச்சு! பின்வாங்குன்னு சொல்லித் தொலைடா!”

“கவுத்த ரொட்டி வரட்டும், சொல்றேன்.”

“கவுக்கறதுக்கு ரொட்டி வேணுமே!”

“அப்ப முற்றுகை முடியலை.”

வேடிக்கை பார்த்த இங்கிலீஷ் சுற்றுலாக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அறுநூறு வருஷத்தில் அவர்களுக்கு முதல் நல்ல சகுனம்.

“கதவைத் திறந்துடலாமா ஐயா?” என்றான் பாசில்.

“கோட்டை ரொட்டிக்கு விழுந்ததுன்னு கல்லுல வெட்டச் சொல்றியா?” என்று மேயர் சீறினார். ஆனால் அவர் வயிறும் கூடவே சீறியது.

மேல் ஜன்னலில் சொலாஞ்ஜ் எட்டிப் பார்த்தாள். “தளபதியாரே! கூடை இறக்கறேன். ரொட்டியைப் போட்டு அனுப்புங்க.”

ஃபிர்மேன் இறகை நேராக்கிக்கொண்டார். சொல்லிவிட்டார். “ரொட்டி தனியா வராது மதாம். நானும் கூட வருவேன்.”

“வாங்களேன். கயிறு தாங்குமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.”

கடைசியில் துணி மூட்டை இழுக்கும் பெரிய கூடையை இறக்கினார்கள். ரொட்டிகளுக்கு நடுவே ஃபிர்மேன் உட்கார்ந்தார். மேலே மேயர், கசாப்புக்காரர், பாதிரியார் எல்லாரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் கயிறு ஓடும் கப்பி சிக்கிக்கொண்டது. கூடை மெல்லச் சுழன்றது. ஃபிர்மேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை சொலாஞ்ஜைப் பார்த்தார்.

“மதாம் சொலாஞ்ஜ்,” என்றார். சுற்றிப் போய்த் திரும்பி வந்தார். “கயிறு அறுந்தா அப்புறம் கேக்க முடியாது.” இன்னொரு சுற்று. “என்னைக் கட்டிக்கிறீங்களா?”

மதில் மேலிருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

“கவசத்தைக் கழட்டிட்டுக் கேளுங்க. யாரு கேக்கறாங்கன்னு தெரிய வேணாமா?”

“கழட்ட வரலையே!”

அவள் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டி, சிவப்பு இறகைப் பற்றி ஒரே இழுப்பு இழுத்தாள். ‘ப்ளக்’ என்று கவசம் கையோடு வந்தது. உள்ளே பீட்ரூட் மாதிரி சிவந்த ஒரு தலை.

“அட, நீங்கதானா? காலையிலேர்ந்து யாரோன்னு பயந்துட்டிருந்தேன்,” என்றாள். பதில் மட்டும் சொல்லவில்லை.

எப்படியோ ஜன்னல் வழியாக அவரை உள்ளே உருட்டினார்கள். மேயர் உடனே தீர்ப்புச் சொன்னார்: “கல்லுல வாசல்னுதான் இருக்கு. ஜன்னலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.” சொல்லும்போதே ஒரு துண்டு ரொட்டி வாய்க்குள் போய்விட்டது.

மேஜையில் சொலாஞ்ஜ் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஃபிர்மேன் உட்கார்ந்தார். அவள் ஒரு ரொட்டியை எடுத்தாள். ஊரே பார்த்தது. கவிழ்த்து வைத்தால் கதை முடிந்தது. அவள் கத்தி நுனியால் அடியில் சிலுவை கீறினாள். அந்த ஊரில் தங்கள் வீட்டு ரொட்டிக்கு மட்டும்தான் அப்படிக் கீறுவார்கள். அப்புறம் அதை நிமிர்த்தி, அவர் முன்னால் வைத்தாள்.

“மெதுவா சாப்பிடுங்க,” என்றாள். “தலையில சூப் இருக்கு.”

ஃபிர்மேனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோஸ் சூப்தான் என்று துடைத்துக்கொண்டார்.

அப்போது வெளியிலிருந்து ஒரு பரிதாபமான குரல் வந்தது. “தளபதி! நாங்க சாப்பிடப் போலாமா வேணாமா? தொத்திறைச்சி கருகுது!”

ஃபிர்மேன் வாய் நிறைய ரொட்டியோடு ஜன்னலுக்கு ஓடினார்.

“பின்வாங்கு!”