மூன்றாம் மாடியில் நைட்ரேட் அளவு

தண்ணீர் பரிசோதகர் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி வாக்கில் இலை விட்டது. இடது முன்காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு காம்புக்கு மூன்று இலை. தேக்கு என்று சொல்லி விற்ற மேசை அது. இலையைப் பார்த்த பிறகுதான் ரப்பர் மரம் என்று தெரிந்தது. பரிசோதகரின் மனைவிக்கு மேசை துளிர்த்ததைவிட இந்த ஏமாற்று வேலைதான் உறைத்தது. அவள் நேராக மீன் தொட்டியிடம் போய், "மேனேஜர், தேக்குன்னு அடிச்சுச் சொல்லி வாங்கிட்டு வந்தவரைக் கொஞ்சம் குனிஞ்சு பார்க்கச் சொல்லு" என்றாள். பரிசோதகர் இரண்டடி தள்ளி நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என்பது தங்கமீன். பரிசோதகரின் அலுவலக மேலாளரைப் போலவே தொங்கிய கன்னமும், எதையோ சொல்ல வந்து மறந்துபோன வாயும் அதற்கு இருந்ததால் மகள் வைத்த பெயர். ஒரே மகள். இரண்டு வருடப் படிப்புக்காக வெளியூர் கிளம்பியபோது, "நான் திரும்பி வர்ற வரைக்கும் இது உயிரோட இருக்கணும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிட்டிகைதான் போடணும்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். அவ்வளவு தூரம் அனுப்பவேண்டாம் என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ரயில் நகர்ந்த நிமிடத்திலிருந்து மனைவி அவரோடு பேசுவதில்லை. சொல்லவேண்டியதை மேனேஜரிடம் சொன்னாள். "மேனேஜர், கேஸ் தீர்ந்துபோச்சு." அவரும் வேறு வழியில்லாமல் தொட்டிக்கு வந்தார். "மேனேஜர், நேத்தே பதிஞ்சாச்சு, நாளைக்கு வரும்." யார் வந்து நின்றாலும் மீன் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்தது. வாயைத் திறந்து நிற்கிற ஜீவனை வெறும் வாயோடு திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்? ஒரு வாக்கியத்துக்கு ஒரு சிட்டிகை தீனி விழுந்தது. வாக்குவாதம் முற்றிய நாட்களில் இருபது, முப்பதுகூட விழுந்தது.

மற்றதைத் தண்ணீர் தன்பாட்டுக்குச் செய்துகொண்டது. மீன் தின்று கழித்ததும், தின்னாமல் கூழாங்கல் இடுக்கில் அழுகியதும் கடைசியில் நைட்ரேட்டாகித் தொட்டியிலேயே தங்கின. அது ஆவியாகிப் போகிற சரக்கல்ல, யாராவது இறைத்துக் கொட்டினால்தான் உண்டு. பரிசோதகர் ஊர்த் தண்ணீருக்கே சான்றிதழ் எழுதுகிறவர். ஞாயிறுதோறும் தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் பொறுத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மஞ்சளாக இருக்கவேண்டியது ஆரஞ்சாகி, பிறகு சிவந்தது. நாற்பது, எண்பது, நூற்றறுபது. குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டுச் சோதித்தார், அதில் ஐந்துகூட இல்லை. வடிகட்டியின் பஞ்சை அலசினார், கூழாங்கல் அடியில் கிடந்த கசடை உறிஞ்சி எடுத்தார், வாரம் பாதித் தண்ணீரை மாற்றினார். அடுத்த ஞாயிறு எண் ஏறித்தான் இருந்தது. அலுவலகத்தில் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

இறைத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற அவருக்குக் கை வரவில்லை. அதில்தான் வீட்டைத் துடைத்தார். நைட்ரேட் மரத்துக்கு உரம், மேசை துளிர்த்தது அதனால்தான். மேசையைத் தொடர்ந்து நாற்காலிகள், அப்புறம் துணி அலமாரி. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் படுக்கையறைக் கதவு நிலையோடு சேர்ந்து வேர் பிடித்து, திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரர் தன் தலைக்கு மேலே இறங்கிய வேர்களில் தைத்த சட்டைகளை மாட்டி வைத்தார். குடியிருப்போர் சங்கம் ஒரு தச்சரை அனுப்பியது. அவர் அலமாரியைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "இது மரங்க. நான் பலகை அறுக்கிற ஆளு, உயிரோட நிக்கிறதுல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லி ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டுக்குள் மரம் நிற்கக்கூடாது என்று விதி எதுவும் எழுதப்படாததால் சங்கமும் விட்டுவிட்டது.

இருபதாம் மாதம் மேனேஜர் மேலே வருவதை நிறுத்தியது. செதில் ஓரங்களில் இரத்தக் கோடு விழுந்து, தொட்டியின் மூலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சு வாங்கியது. அன்று சோதனைக் குழாயில் வந்த சிவப்புக்கு அட்டையில் எண்ணே இல்லை. பரிசோதகர் பதறிப்போய் மீன் கடைக்கு ஓடினார். கடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். "சார், தீனி எவ்ளோ போடுறீங்க?" ஏதோ கொஞ்சம் என்றார் இவர். "சரி, வீட்டுல மத்தவங்க?" இவர் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினார்.

வீட்டுக்கு வந்தவர், பழக்க தோஷத்தில், தொட்டி முன்னால் போய் நின்றார். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை இனி மீன் வழியாகக் கேட்க முடியாது என்று அவருக்கே புரிந்தது. அடுப்படிக்குப் போய், மனைவியின் முகத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமி, "நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடுறே?" என்று கேட்டார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நேராகக் கேட்கப்பட்ட கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று யோசிக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. "பேசுறப்பல்லாம் போடுவேன். நீங்க?"

"நானும்தான்."

இருவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். சாதாரண நாளிலேயே பதினான்கு வந்தது. பரிசோதகர் தொட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாமதான் இதைக் கொன்னுட்டு இருக்கோம். அவ வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?"

"அவ வரமாட்டா" என்றாள் மனைவி. "அங்கேயே வேலை கிடைச்சிருச்சு. நாலு மாசமா எனக்குத் தெரியும். அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடும்மான்னா."

அவர் தீனி டப்பாவை எட்டி எடுத்து இறுக மூடினார். "என்கிட்டயும் சொன்னா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பான்னு."

"அப்போ யாருக்காக ஞாயிறு தவறாம தண்ணி இறைச்சீங்க?"

"உனக்காகத்தான். இதுவும் போயிடுச்சுன்னா நீ உடைஞ்சு போயிடுவியேன்னு."

அவளும் அதே பயத்தில்தான் இருந்தாள், அவரை நினைத்து. அதைச் சொல்ல ஆரம்பித்தவளுக்கு அழுகை முந்திக்கொண்டது. கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்று அவர் சொன்னார், போடாமல் இருந்திருந்தால் பிள்ளை இங்கே புழுங்கிச் செத்திருப்பாள் என்று அவள் சொன்னாள். பிறகு இருவரும் ஒரே அறையில், ஒருவருக்கொருவர் தெரிகிற மாதிரி அழுதார்கள். மகள் போன நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

தீனி ஒரு வாரம் அடியோடு நின்றது. பரிசோதகர் தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றுவதையும் விட்டுவிட்டு, நாளுக்கு இரண்டு குவளை இறைத்து இரண்டு குவளை ஊற்றினார். கெட்ட தண்ணீரில் பழகிய உடம்பு நல்ல தண்ணீரை ஒரேயடியாகத் தாங்காது. அவர்களும் ஆரம்பத்தில் நாளுக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் மீன் நிமிர்ந்தது. ஏழாவது வாரம் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் மஞ்சளுக்குத் திரும்பியது.

இப்போது அந்த வீட்டில் நைட்ரேட் இருபது. மரங்கள் வளர்வது நின்றுவிட்டாலும் நின்ற இடத்தில் நிற்கின்றன, மின்கணக்கு எடுக்க வருகிறவர் தொப்பியைக் கிளையில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார். கணவனும் மனைவியும் நேருக்கு நேராகவே சண்டை போடுகிறார்கள், சத்தம் தையல்காரர் வீடு வரை கேட்கிறது. மகளுக்கு வேலையில் பத்து நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது. போன வாரச் சண்டை, அவளுக்கு எந்த மரத்தடியில் பாய் விரிப்பது என்பதைப் பற்றியது.