சிவப்புத் துண்டு ஆட்டினால் மட்டும்

தெப்பத்தில் விளக்கு எரிய வேண்டும், நாதஸ்வரம் மைக்கில் கேட்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் ஊருக்கு இருந்த கவலை இவ்வளவுதான், கண்ணுகளா. எண்பத்தைந்தோ ஆறோ இருக்கும்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பெருமாள் கோயில் குளத்தின் நடுவில் ஒரு நாலுகால் மண்டபம். தை அமாவாசை சாயங்காலம் பெருமாளைத் தெப்பத்தில் ஏற்றி, அந்த மண்டபத்தை வலமாக மூன்று சுற்று சுற்றிவரச் செய்வோம். பெரிய ஊர்த் தெப்பம்போல நினைத்துக்கொள்ளாதீர்கள். காலி டீசல் டிரம்களைப் படுக்க வைத்து, மூங்கில் கட்டி, பலகை பரப்பி, மேலே ஒரு சின்னப் பந்தல். கரையில் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றி நடப்பார்கள். தெப்பமும் அவர்கள் கூடவே நகரும்.

விளக்குக்கும் மைக்குக்கும் எப்போதும் விழுப்புரத்திலிருந்து ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் வருவார். அந்த வருஷம் அவருக்குக் கண்டாச்சிபுரத்தில் கல்யாண ஆர்டர். வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"அவன் பின்னாடி எதுக்குத் தொங்கிக்கினு? நானே கட்டித் தர்றேன்" என்றான் சக்கரபாணி.

சக்கரபாணி என் வீட்டுக்காரரின் தம்பி. பயிர் வைக்கிறவன்தான். ஆனால் மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, களை எடுக்கப் போனால்கூட மடியில் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு போவான். சொந்தமாக ஒரு ஆம்பிளிபயர் செய்து, அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தான். அதற்கு முந்தின வருஷம் பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தான். ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்தபோதெல்லாம் அது கொய்ங் என்று கத்தியது. அன்றிலிருந்து ஊருக்கு அவன் கொய்ங் சக்கரபாணி. சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அவன் சிரித்துக்கொள்வான். அவன் பெண்சாதி சின்னபொண்ணு மட்டும் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள்.

"தெப்பத்துல மட்டும் நல்லா பாடிடுச்சின்னா இந்தப் பேரு போயிடும் அக்கா" என்று என்னிடம் சொன்னாள். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

அவன் முதலில் போட்ட திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. லாரி வைத்திருந்த கோதண்டபாணியிடம் பாட்டரி கேட்டான். தெப்பத்தின் மேலேயே பாட்டரி, அதிலேயே ஆம்பிளிபயர், லாரிக்குப் போடுகிற சின்ன பல்புகள்.

"எடுத்துக்கோ. பெருமாள் மேல ஆசிட் கொட்டிச்சின்னா நான் பொறுப்பில்ல" என்று கோதண்டபாணியும் சொன்னார்.

அமாவாசை அன்று காலையில் அவருக்குத் திண்டிவனம் மண்டிக்கு மல்லாட்டை லோடு வந்துவிட்டது. ஆளை அனுப்பிப் பாட்டரியைக் கழற்றிக்கொண்டார்.

"இன்னாண்ணே, இன்னிக்குன்னு பாத்து பேஜாரு பண்றீங்க?"

"லோடு ஏத்தியாச்சிப்பா. பாட்டரி இல்லாம லாரிய நீயும் நானுமா தள்ளிக்கினு போறது? டிரைவர அனுப்பிட்டு நான் தெப்பத்துக்கு வந்துடறேன், போ."

சக்கரபாணி குளத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தான். நாங்கள் கொண்டுபோன கூழைத் தொடவில்லை. உச்சி வெயிலில் திடீரென்று எழுந்தான். குளத்தின் கீழ்க்கரையில் ஒரு மோட்டார் கொட்டகை உண்டு, அதில் கரண்டு உண்டு. தன் கிணற்று மோட்டாருக்குப் போகிற ஒயரைக் கழற்றி எடுத்து வந்தான். அங்கே இங்கே கேட்டு வாங்கிய துண்டு ஒயர்களையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினான். வீடு வீடாகப் போய் டியூப்லைட்டும் சீரியல் பல்பும் வாங்கி வந்து பந்தலில் கட்டினான். ஒயர் தண்ணீரில் மூழ்காமல் இருக்க, இடைவெளி விட்டு விட்டு காலி எண்ணெய் டின்களைக் கட்டி மிதக்கவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

குளத்தின் தூரத்து மூலை வரைக்கும் அளந்தும் பார்த்தான்.

"அந்தக் கோடிக்கும் எட்டுது அண்ணி. மேல மிச்சமும் கீது" என்றான் என்னிடம். சந்தோஷமாக இருந்தது எனக்கு.

நான் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். குளத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஊர் அது. தெப்பம் சுற்றும் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதுவரை தெப்பத்திலிருந்து எதையும் கரையில் ஓரிடத்தில் கட்டி வைத்தது கிடையாது. கயிறு பிடிக்கிறவர்களும் சுற்றி நடக்கிறவர்கள்தானே. இந்த ஒயருக்கு மட்டும் ஒரு நுனி கொட்டகையில் நின்றது. அது யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் சின்னபொண்ணைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் போர்டைக் காட்டினான்.

"இந்த ஃபீஸ் கட்டைய புடுங்குனா எல்லாம் ஆஃப் ஆயிடும். நீ இங்கியே நில்லு. எவன் வந்து சொன்னாலும் தொடாத. நான் செவப்புத் துண்ட ஆட்னா மட்டும் புடுங்கு."

"நீ எதுக்கு மாமா மேல ஏறணும்? உனக்கு நீச்சல் தெரியாது."

"ஆம்பிளிபயர யாரு பாத்துக்குவா, பெருமாளா?"

"தண்ணி, இரும்பு டிரம்மு, கரண்டு. மூணும் ஒண்ணா கீதே மாமா."

"மூணையும் சேத்து வச்சதே நான்தான்டி. எனக்குத் தெரியாதா?"

சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் அவளுக்குத் துணையாகக் கொட்டகை வாசலில் நின்றேன்.

தெப்பம் புறப்பட்டது. கோயில் பட்டர் தெப்பத்தில் பெருமாளோடு நின்றார். நாதஸ்வரக்காரர் துரைக்கண்ணு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து நாதஸ்வரத்தை எடுத்தார். கொய்ங் இல்லை, கரகரப்பு இல்லை. சத்தம் குளத்தை நிறைத்தது. விளக்கு தண்ணீரில் விழுந்து ஆடியது. கூட்டத்தில் யாரோ "நம்ம கொய்ங்கா இது?" என்றார்கள். சின்னபொண்ணு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் சுற்று முடிந்து தெப்பம் எங்கள் எதிரே வந்தபோது அவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். துண்டு தோளிலேயே இருந்தது.

அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அக்கா, தெப்பம் கிட்ட வந்துடுச்சி. ஒயரு ஏன் இன்னும் அங்கியே கீது?"

நான் பார்த்தேன். டின்கள் கொட்டகையிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போயிருந்தன. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வெளியே வந்து, அங்கிருந்து தெப்பத்துக்கு வந்தன. மிச்சம் என்று அவன் சொன்னதெல்லாம் மண்டபத் தூண்களைச் சுற்றியே தீர்ந்திருந்தது.

பக்கத்தில் கோதண்டபாணி நின்றிருந்தார். அவரிடம் சொன்னோம்.

"கரண்டு வேலையில நீ தப்பு கண்டுபுடிக்கிறியா? அவன் அளந்துதாம்மா போட்டிருப்பான்" என்றார்.

தெப்பம் இரண்டாம் சுற்றில் நகர்ந்தது. சின்னபொண்ணு கையை வீசிக் கத்தினாள். அவள் புருஷன் கட்டிய ஸ்பீக்கர் எங்களைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. அவள் குரல் எனக்கே கேட்கவில்லை. தெப்பம் மெதுவாக மண்டபத்தின் பின்னால் போய் மறைந்தது. பந்தல் மறைந்தது, துரைக்கண்ணு மறைந்தார், சக்கரபாணியும் மறைந்தான். வெளிச்சம் மட்டும் தூண்களுக்கு இடையில் தெரிந்தது.

டின்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை விட்டு மேலே எழும்பின.

"நீ இங்கியே இரு" என்று சொல்லிவிட்டு நான் ஓடினேன். கயிறு பிடித்தவர்கள் எதிர்க்கரையில் இருந்தார்கள். கூட்டத்துக்குள் புக முடியவில்லை. முன்னால் நின்றவர் தோளில் குழந்தை, அதற்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்த பெண்கள். "நிறுத்தச் சொல்லுங்க, ஒயரு இழுக்குது" என்று ஒருத்தரிடம் சொன்னால் அவர் அடுத்தவரிடம் சொன்னார். கயிற்றுக்காரர்களுக்குப் போய்ச் சேரும்போது அது இழுக்கச் சொல்கிறார்கள் என்று ஆகிவிட்டதோ என்னவோ.

"சேறு புடிச்சிக்கிச்சி. இழு, ஜல்தியா இழு" என்று அங்கே யாரோ சொன்னது காற்றில் வந்தது. ஆட்கள் குதிகாலை ஊன்றி இழுத்தார்கள்.

திரும்பி வந்தேன். ஒயர் கம்பிபோல நின்றது. டின்கள் அதில் தொங்கின. போர்டு சுவரோடு சேர்ந்து ஆடியது.

சின்னபொண்ணு மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஆட்றாரா அக்கா? உனக்குத் தெரியுதா?"

"தெரியலியேம்மா."

"ஆட்டியிருப்பாரா?"

நான் என்ன சொல்ல முடியும், கண்ணுகளா? ஒயர் அறுந்து தண்ணீரில் விழுந்தால் கரண்டு பாயும்; தெப்பத்தில் அத்தனை பேரும் இரும்பு டிரம்மின் மேல் நிற்கிறார்கள். கட்டையைப் பிடுங்கினால் பெருமாள் நடுக்குளத்தில் இருட்டில் நிற்பார். அவன் பேருக்கு முன்னால் என்ன ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் கட்டையைப் பிடுங்கினாள்.

எல்லாம் அணைந்தது. மைக் நின்றதும் வெறும் நாதஸ்வரம் கொஞ்சம் ஒலித்தது, பிறகு அதுவும் நின்றது. அமாவாசை இருட்டு. ஊரே ஒரு மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

"மாமா" என்று கத்தினாள் சின்னபொண்ணு.

எங்கள் ஊரில் பாதிப்பேர் அவளுக்கு மாமா முறை. "இன்னாம்மா?" என்று இருட்டில் இங்கிருந்து ஒருத்தர், அங்கிருந்து ஒருத்தர் கேட்டார்கள். மண்டபத்துக்குப் பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் மறுபடி கத்தினாள். கட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அப்புறம் வந்தது.

"எவடி கட்டையப் புடுங்குனது?"

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் போய் ஒயரை விடுவிக்கலாமே என்று கரையில் சொன்னார்கள். பட்டரின் குரல் தண்ணீர் மேல் வந்தது. "பின்னால போகப்படாது. வந்த வழியே திரும்பினா இடமா சுத்தினதா ஆயிடும். சாவு வீட்டுக்குத்தான் அது."

முன்னால் போக ஒயர் விடவில்லை. பின்னால் போகப் பெருமாள் விடவில்லை. கடைசியில் சக்கரபாணியே கட்டிங் பிளேயரை எடுத்துத் தன் ஒயரைத் தன் கையால் வெட்டினான். பஜ்ஜிக் கடை பெட்ரோமாக்ஸை ஒருத்தர் நீந்திக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வெளிச்சத்தில் பாக்கிச் சுற்றுகள் முடிந்தன. நீச்சல் தெரியாதவன் எங்கே இறங்கிப் போவான்? அணைந்த டியூப்லைட்டுகளுக்கு நடுவே, பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க உட்கார்ந்தபடியே சுற்றி வந்தான்.

கரை ஏறும்போது தோளில் துண்டு இல்லை.

கொட்டகையைத் தாண்டிப் போனான். "துண்ட ஆட்னீங்களா மாமா?" என்று கேட்டாள். அதுவரை அவனை நீங்க என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் நிற்கவில்லை.

துண்டு தண்ணீரில் விழுந்திருக்கலாம். ஆட்டும்போது விழுந்ததா, ஒயரைப் பிடித்து இழுக்கும்போது விழுந்ததா? துரைக்கண்ணுவைக் கேட்டேன். "நான் கண்ண மூடிக்கினு வாசிக்கிறவம்மா" என்றார். பட்டர் பெருமாளைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். வேறு யாருக்கும் தெரியாது. அவன் அவளோடு பேசினான், சாப்பிட்டான், கழனிக்குப் போனான். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அடுத்த வருஷத்துக்கு விழுப்புரத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்கள்.

சித்திரையில் குளம் முழங்கால் அளவுக்கு வற்றியது. ஒயர் மண்டபத்தைச் சுற்றியபடியே கிடந்தது, டின்கள் தூண்களுக்கு இடையில் சிக்கியிருந்தன. கிணற்று மோட்டாருக்கு அந்த ஒயர் வேண்டும். அதைப் பிரிக்க வேண்டுமானால் யாராவது மண்டபத்தை இடமாகச் சுற்ற வேண்டும். ஊரில் ஒருத்தரும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் சக்கரபாணி தானே இறங்கினான். சின்னபொண்ணு கரையில் நின்று இந்த நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் டின்களை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சேற்றில் கால் வைத்து, வெட்டின நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு, இடப்பக்கமாக நடந்து மண்டபத்துக்குப் பின்னால் மறைந்தான்.

"மாமா" என்றாள் அவள். கத்தவில்லை. அன்றைக்கு ஸ்பீக்கர் இல்லை, கூட்டம் இல்லை. ஒரு கொக்கு நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. "அன்னிக்கு ஆட்னீங்களா?"

சேற்றில் அவன் நடக்கிற சத்தம் நின்றது. பிறகு அவன் மறுபடி நடக்க, அவள் கையிலிருந்த ஒயர் தளர்ந்தது.

அவள் இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.