புயல் பயம் என்றொரு வியாதி

மருந்துக்கடை மார்சி கார்டை மூன்றாவது தரம் செருகிப் பார்த்தாள். அப்போதும் ஓடவில்லை.

"மிஸ் லவான், பணம் இல்லைன்னு வருது."

"நல்லா பாரு பொண்ணே. எழுநூறுக்கு மேல கிடக்கும்."

"பதினோரு டாலர்தான் காட்டுது."

லவான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். குளவி கொட்டினால் அவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு தரம் அடைத்து, பையில் இருந்த ஊசியைத் தானே தொடையில் குத்திக்கொண்டு பிழைத்தாள். இரண்டரை மாதக் கோடை விடுமுறையில் நிற்கும் பேருந்துக்குள் குளவிகள் குடும்பம் நடத்தும் என்பது ஓக்லஹோமாவில் பேருந்து ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். நாளை பள்ளி திறக்கிறது. காலையில் அவள் தன் வண்டியைத் திறந்தாக வேண்டும். பழைய ஊசிகள் ஜூனிலேயே காலாவதியாகிவிட்டன.

புது ஊசி நானூறு டாலர். அவளுடைய காப்பீடு, முதல் சில ஆயிரங்களை அவளே செலவழித்த பிறகுதான் வாயைத் திறக்கும். அதற்காகவே மருத்துவச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று வைத்து, சம்பளத்திலிருந்து மாதாமாதம் போட்டு வந்தாள். டாக்டருக்கும் மருந்துக்கும் மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். சொத்தைப் பல்லுக்குக்கூட எடுக்காமல், ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளினாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் கார்லண்ட் கார் கொட்டகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். சுவரில் மூன்று பச்சைப் பைகள், பட்டாளத்துக்காரன் தோளில் இருக்கவேண்டிய மாதிரி. வசந்தத்தில் சூறாவளி ஒன்று இரண்டு மைல் தள்ளிப் போனதிலிருந்து மனிதன் தளபதி ஆகிவிட்டான்.

"என் கணக்குல கை வச்சியா?"

"அவசர உதவிப் பை, லவான். இங்க ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம். குடும்பத்தை யார் காப்பாத்துறது?"

"அது மருந்துக்கு மட்டும்தான விடும்? பைக்கு எப்படி விட்டுச்சு?"

"அங்கதான் சூட்சுமம்! பை விக்கிறவனே டாக்டரையும் வச்சிருக்கான். நாலு கேள்விக்கு டிக் பண்ணேன், ரெண்டே நிமிஷத்துல டாக்டர் சீட்டு வந்துருச்சு."

போனை நீட்டினான். அவள் பெயர், பிறந்த தேதி. கடும் புயல் பயம், பதற்றம், தூக்கமின்மை. சிகிச்சை: அவசர உதவிப் பை, மூன்று. அவள் கால் வைத்தே இராத மாநிலத்திலிருந்து ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்பார்கள். இந்தப் பை வியாபாரிகள் வீடு எரியும்வரைகூடக் காத்திருப்பதில்லை.

"எனக்கு எப்பய்யா புயல் பயம்? சூறாவளிக்குச் சைரன் ஊதுனப்ப குளியல் தொட்டிக்குள்ள மெத்தையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடந்தது யாரு?"

"கணக்கு உன் பேர்ல இருக்கு. அப்ப நோயும் உன் பேர்லதான இருக்கணும்?"

இருக்கிற வியாதிக்குக் கால் காசு இல்லை. இல்லாத வியாதிக்கு மூன்று பை. நோயை அவள் பேரில் எழுதியதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கூச்சத்தின் நிழல்கூட இல்லை.

ஒரு பையைப் பிடுங்கி டிரக்கின் முன்மூடியில் கவிழ்த்தாள். மூலைக்கடையில் நாலு டாலருக்குக் கிடைக்கும் பிளாஸ்திரிகள், விசில், கத்தரிக்கோல், சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் போலப் பளபளக்கும் போர்வை.

"நாளைக்குக் குளவி கொட்டி என் தொண்டை அடைக்குதுன்னு வையி. இதுல எதைப் போடுவ?"

அவன் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல, ஒட்டிய பொட்டலம் ஒன்றைத் தேடி எடுத்தான். உள்ளே குட்டிக் கத்தியும் வளைந்த பிளாஸ்டிக் குழாயும்.

"இதுக்குத்தான் விலை ஜாஸ்தி. கழுத்துல ஓட்டை போட்டு இதைச் சொருகிட்டா மூச்சு வந்துரும். வீடியோ பாத்தேன்."

"முழுசாவா?"

"பாதி. ரத்தம் காட்டுனான், அணைச்சிட்டேன்."

சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலை அவள் கழுத்தில் வைத்து அழுத்தினான். "இங்க... இல்ல, கொஞ்சம் கீழயோ..." விரல் மேலே ஏறியது, கீழே இறங்கியது. இருபத்தாறு வருடம் பழகிய விரல்தான். பல்லி ஊர்வதுபோல இருந்தது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு என்கூட டிப்போவுக்கு வர்ற. வண்டிக்குள்ள ஏறி, குளவிக்கூட்டை நீ தட்டி எடுக்கற. அப்புறம்தான் நான் ஏறுவேன்."

கார்லண்ட் கத்தியும் கையுமாக அவளைப் பார்த்தான்.

"நானா? கொட்டுமே லவான்!"