தோலுக்குப் போடுகிற பவுடர்

குழந்தையின் கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. இரண்டு, மூன்று என்று பக்கத்துப் பக்கத்தில். ஏப்ரல் மாதம் என்பதால் அண்ணி வேர்க்குரு என்று நினைத்து நுங்குத் தண்ணீர் தடவினாள். மூன்றாம் நாள் அவள் காலிலும் வந்தது.

"பூனைதான்," என்றாள் அண்ணனிடம். "அதை எங்கியாவது கொண்டு போய் விட்டுட்டு வாங்க. இல்லன்னா நான் குழந்தையத் தூக்கினு பேரணாம்பட்டுக்குப் போறேன்." பேரணாம்பட்டில் அவள் அம்மா வீடு.

பூனை என்னுடையது என்று சொல்ல முடியாது. 1978இல் வேலூரில் விலங்கியல் முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை ஆம்பூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பின்கட்டில் கிடந்த சாக்கில் அது தானாக வந்து படுத்து மூன்று குட்டி போட்டது. சோறு வைத்தது நான். வெள்ளைப் பூனை. ரவை என்று கூப்பிட்டேன்.

அண்ணன் இன்பசேகரனுக்கு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. ஆட்டுத்தோலை மேசையில் விரித்துக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினால், எங்கே முள் கிழித்தது, எங்கே உண்ணி கடித்தது என்று சொல்லிவிடுவார். ரவையையும் மடியில் போட்டு அப்படித்தான் தடவிப் பார்த்தார்.

"உண்ணி," என்றார் அண்ணியிடம். "தினம் நூறு தோல்ல பாக்கறேன், எனக்குத் தெரியாதா? விரட்ட வேணாம் ஞானம். மருந்து கொண்டாறேன்."

அது உண்ணி இல்லை. உண்ணி கடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு உப்பும். இது மயிருக்குள் ஓடியது. விரல் பட்டதும் துள்ளிக் காணாமல் போனது. இரண்டு பக்கமும் அழுத்தியது போல் தட்டையான உடம்பு, நீளமான பின்கால். தெள்ளுப்பூச்சி. பரீட்சையில் அதன் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறேன்.

சொல்லவில்லை. அந்த வீட்டில் 'சரி அண்ணா', 'சரி அண்ணி' தவிர நான் அதிகம் பேசியதில்லை.

மறுநாள் காலை, ஒரு வெள்ளைத் தாளின் மேல் ரவையை நிறுத்தி முதுகைப் பேன் சீப்பால் வாரினேன். கரித்தூள் போல விழுந்தது. அதன் மேல் தண்ணீர் தெளித்தேன். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் ஊறியது. பூச்சி குடித்த ரத்தம் கழிவாக வந்திருக்கிறது. வெறும் மண் அப்படி ஊறாது. தாளை அண்ணனின் டீ டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

"இன்னாடி இது, டீத்தூளைக் கொட்டி வச்சிருக்கே?" என்று அண்ணன் கேட்டது காதில் விழுந்தது.

"நான் இன்னாத்த கண்டேன். உங்க தங்கச்சியக் கேளுங்க. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும் அவளுக்கு."

அண்ணன் தாளைக் கசக்கி ஜன்னல் வழியே போட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது டேனரியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். நான் அப்போது தெருக்குழாயில் இருந்தேன். குடத்தோடு திரும்பியபோது ரவை சாக்கில் படுத்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க வெள்ளைப் பவுடர். மக்கிய வாடை. குட்டிகள் மூன்றும் அதன் வயிற்றில் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"இது இன்னா பவுடர் அண்ணா?"

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கச்சாத் தோல் குடோன்ல தூவறது. வண்டு கிட்ட வராது. தோலுக்குப் போடறதுதானே? பூனைக்கு மட்டும் தோல் இல்லியா?"

அண்ணி சிரித்தாள்.

"அது செத்த தோல்," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "செத்த தோல் தன்னை நக்காது. குட்டிக்குப் பால் குடுக்காது. இது நக்குது அண்ணா. அது விஷம்."

அண்ணன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் கேட்டேன். அண்ணி கொண்டுவந்தாள். அண்ணன் ரவையின் பிடரியைப் பிடித்துக்கொண்டார். பூச்சிகள் தலைக்கு ஏறிவிடாமல் இருக்க முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டேன். பிறகு முதுகு, வயிறு, வால். மூன்று முறை கழுவினோம். அண்ணனின் மணிக்கட்டில் நான்கு கீறல். வாளித் தண்ணீரில் பூச்சிகள் மிதந்தன. குட்டிகளை ஈரத்துணியால் துடைத்துத் துண்டில் சுற்றினேன்.

மூன்று மணிக்கு ரவையின் வாயில் எச்சில் ஒழுகியது. பின்னங்கால்கள் நடுங்கின. அண்ணன் வேலைக்குப் போகாமல் மாட்டாஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போனார். டாக்டர் வெளியூர் முகாமில் இருந்தார். கம்பவுண்டர், "கழுவிட்டீங்க இல்ல, இருட்டா ஒரு எடத்துல படுக்க வைங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஐந்து மணிக்கு நடுக்கம் குறைந்தது. ரவை தலையைத் தூக்கிப் பார்த்தது. குட்டிகளில் சின்னது செத்துப்போயிருந்தது. காலையில் தாளை வைத்ததற்குப் பதில் வாயால் சொல்லியிருக்கலாம்.

"அப்ப பூனைய விட்டுட்டு வந்தா கடி நிக்குமா, நிக்காதா?" என்றாள் அண்ணி.

"ஜாஸ்தியாவும் அண்ணி. பூனை மேல இருக்கறது கம்மி. முட்டை, புழு எல்லாம் சாக்குல, பாய்ல, தரை இடுக்குல இருக்கும். பூனையும் இல்லன்னா, அதுங்களுக்கு நம்மதான் சாப்பாடு."

அண்ணி பாயைச் சுருட்டி வெளியே கொண்டுபோய் உதறினாள். துணிகளைப் போட்டு வேகவைக்கப் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். பேரணாம்பட்டுப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அண்ணன் சாக்கை எரித்துவிட்டு வந்து என் எதிரில் நின்றார்.

"மலரு," என்றார். "ரஷீத்துக்குப் பாதி குடுத்தேன்."

ரஷீத் அஹமது அவர் பக்கத்து மேசையில் தோல் பார்ப்பவர். அவர் மகளும் ஒரு பூனை வளர்க்கிறாள்.

"எப்ப குடுத்தீங்க?"

"சாப்பாட்டு மணிக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் போடறேன்னான். வா, ஏறு. நான் சொன்னா, மத்தியானம் ஒண்ணு சொல்ற, இப்ப ஒண்ணு சொல்றன்னுவான். நீ சொல்லு."

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தேன். ரஷீத் பாய் வாசலில் இன்னும் இரண்டு ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். மூன்று பேரையும் நான் பார்த்ததில்லை.

"வா தோஸ்த். மத்தியானம் இன்னா லீவா? தங்கச்சியா இது?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"பூனைக்குப் பவுடர் போட்டீங்களா?" என்றேன்.

"இப்பதாம்மா. கால் மணி ஆவல. நல்ல மருந்துன்னு சேகர்தான்..."

"அதைப் பிடிங்க. நக்க விடாதீங்க. வெந்நீர் வைக்கச் சொல்லுங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார்.

"அவ சொல்றத செய்யி ரஷீத்து," என்றார் அண்ணன்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.