பிடரியில் கிடைத்த சாட்சி

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ராஜா, அந்தக் கரையில் ஒரு ராஜா. நடுத்திட்டில் இருந்த சந்தையூரை மட்டும் இருவருமே “அது அவனுடையது” என்று கைகழுவிவிட்டார்கள். அங்கே காவல் சாவடி கிடையாது, வழக்குமன்றம் கிடையாது. யாருக்கு ஆள்பலம் இருக்கிறதோ அவர் வாயில் வருவதுதான் தீர்ப்பு.

அன்றைய தீர்ப்பைப் பட்டு வணிகர்களின் தலைவர் காலையிலேயே சொல்லிவிட்டார். வழிகாட்டிக்கு உச்சிப்பொழுதில் தூக்கு. பட்டு ஏற்றிய பன்னிரண்டு கோவேறு கழுதைகளை அவன் கொள்ளைக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தானாம்; கூடப் போன காவல்காரன் விடியற்காலையில் தப்பி வந்து சாட்சி சொல்லியிருந்தான்.

அந்த வழிகாட்டிதான் ஊரின் ஒரே முடிதிருத்தும் கடைக்காரியின் மாப்பிள்ளை. கணவர் போனபின் சவரக்கத்தியைத் தானே கையில் எடுத்தவள் அவள். மாப்பிள்ளையை அவளுக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது. ஆகாது என்பதற்காக மகளின் வாழ்க்கையை மரத்தில் தொங்கவிட முடியுமா?

“அம்மா, அவரு பண்ணலைம்மா. காவலுக்கு வந்தவன்தான் மண்டையில அடிச்சுப் போட்டுட்டு, கழுதைங்களை ஓட்டிட்டுப் போயிட்டானாம்.”

“உன் புருஷன் சொல்றதை நீ நம்புவே. தலைவர் நம்பணுமே! மூக்கைச் சிந்திட்டு வெந்நீர் கொண்டா. ஆள் வருது.”

வந்தது அந்தக் காவல்காரனேதான். கிழிந்த சட்டை, மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு, புதர் மாதிரி தாடி. வெளியூர்க்காரன். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

“கொள்ளைக்காரனுங்க எட்டு நாளா மரத்துல கட்டிப் போட்டிருந்தானுங்கக்கா. இன்னிக்கு விடியக்காலைலதான் அறுத்துக்கிட்டு ஓடியாந்தேன். சீக்கிரம் தாடியை எடுங்க. அவன் தொங்குறதைப் பார்க்கப் போகணும்.”

“பார்க்காம விடலாமா? உட்காருங்க.”

துணியைக் கழுத்தில் சுற்ற, அவன் சட்டைக் கழுத்தைக் கீழே இறக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

வெயிலில் கருத்த கழுத்து. அதற்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெளிறிய தோல். முடியை வழித்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. வழித்த கோடு ஒரு பக்கமாக ஏறிக்கொண்டு போனது. அந்தக் கோணலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவளுக்குத் தெரியும்.

சோப்பு நுரையைப் பூசிக்கொண்டே கேட்டாள்:

“அக்கரையில என் தம்பி கடைக்குப் போயிருந்தீங்களோ?”

“எந்தத் தம்பி?”

“நொட்டாங்கைக்காரன். வாய் ஓயாது.”

“ஓ, அந்தாளா! காதுல ரத்தம் வர்ற அளவுக்குப் பேசி...”

பேச்சு பாதியில் நின்றது. கத்தி அவன் தாடைக்கடியில் இருந்தது.

“அசையாதீங்க, என் கை இன்னிக்குச் சரியில்லை. அடியே, ஓடு, தலைவரைக் கூட்டிட்டு வா!”

தலைவர் மீசை துடிக்க உள்ளே வந்தார். “என்னம்மா கூத்து இது?”

“பின்னாடி வந்து பாருங்கய்யா. என்ன தெரியுது?”

“பிடரி. வெளுப்பா இருக்கு.”

“வழிச்ச எடத்துல வெயில் இன்னும் படலை. கொள்ளைக்காரங்க இவரை எட்டு நாள் கட்டிப் போட்டு, நடுவுல பிடரியை மட்டும் வழிச்சு விட்டாங்களாக்கும்?”

“தாடி இருக்கேம்மா.”

“அது உங்களுக்குக் காட்ட. பிடரியை இவரே பார்த்ததில்லை, அப்புறம் எங்க மறைக்கிறது?”

தலைவர் குனிந்து இன்னொருமுறை பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. “கழுதைங்க எங்கடா?”

“பிடரியில வேர்க்குரு தாங்கலைங்க, அதான் வழிச்சுக்கிட்டேன்...” என்று அழாக்குறையாகச் சொன்னான் காவல்காரன்.

“கழுதையைக் கேட்டேன்!”

“அக்கரையில... செங்கல் சூளைக்குப் பின்னாடிங்க.”

உச்சிப்பொழுதுக்கு முன்பே மாப்பிள்ளையை அவிழ்த்துவிட்டார்கள். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கடைவாசலில் வந்து நின்றான்.

“அத்தை, நான் சொன்னது உண்மைன்னு நீங்களாவது நம்பினீங்களே!”

“உங்களை எங்க நம்பினேன் மாப்பிள்ளை? என் தம்பியோட கோணக் கையைத்தான் நம்பினேன். உள்ள போங்க. அவ காலைலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை.”